சாரலுக்கு முன் ஜீப்பைக் கவனியுங்கள்: வீட்டு முற்றத்திலேயே முடியும் சிக்கன வேலைகள்



வைகாசி கடைசியில் மலைப்பக்கம் மேகம் இறங்கி முதல் சாரல் தூறியதும் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரே மாதிரியான மனுக்கள் வரத் தொடங்கும். ஜீப் வேலைக்குக் கர்ளு ஹஸனா வேண்டும் என்பதுதான் அவற்றின் சாரம். குற்றால சீசன் இரண்டு மூன்று மாதம். ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் வாடகை ஓட்டுபவர்களும், குண்டாறு அணையிலிருந்து மேலே நெய்யருவிப் பக்கம் ஏறுபவர்களும், மேக்கரையிலிருந்து தோப்புகளுக்கு ஆளும் உரமும் ஏற்றுபவர்களும் அந்த மாதங்களில் சம்பாதிப்பதைக் கொண்டுதான் மீதி வருஷத்தை ஓட்ட வேண்டும். வண்டி ஷெட்டில் நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும். நம்மிடம் பணம் இல்லை என்று சொன்னால் அந்தச் சகோதரர் அடுத்து எங்கே போவார் என்பதும் நமக்குத் தெரியும். வாரவட்டிக்காரர் வாசலில் போய் நிற்பார். ஜீப் சரியாகிவிடும், கடன் ஹராமான வழியில் வளரும்.

மனுவோடு வரும் ஒர்க்‌ஷாப் மதிப்பீட்டுச் சீட்டுகளை நாம் ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறோம். பிரேக், ஸ்டீயரிங் என்று இருந்தால் மறுபேச்சு இல்லை, கொடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் பல சீட்டுகளில் பெரிய தொகை வேறு இடத்தில் இருக்கிறது. பிளாட்ஃபார்ம் தகடு அறுத்து மாற்ற, ஹூட் புதிதாகத் தைக்க, பேட்டரி புதிது போட, ஒயரிங் முழுக்க மாற்ற என்று வருகிறது. இவை ஒரே நாளில் வந்த கேடுகள் அல்ல. சில சீசன்களுக்கு முன் ஒரு எமரி தாளோடும் ஒரு மெழுகுவர்த்தியோடும் முடிந்திருக்க வேண்டிய வேலை வளர்ந்து, இன்று ஆயிரக்கணக்கில் நிற்கிறது. கல்லூரிக் கட்டணம் கேட்டு வரும் பிள்ளைக்கும், டயாலிசிஸ் செலவுக்கு வரும் பெரியவருக்கும் இருப்பது இதே ஒரு பெட்டிதான். அதனால் இந்த இதழில் ஒரு பாடம்போல இதை எழுதுகிறோம். வாப்பாவும் மகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் உட்கார்ந்தால் முடியக்கூடிய வேலைகள் இவை.

ஜீப் அப்படிச் செய்துகொள்வதற்கென்றே பிறந்த வண்டி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக 1941 முதல் வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகள் செய்த அந்த வண்டியைப் போர்க்களத்திலேயே சாதாரணச் சிப்பாய் ஸ்பேனரை வைத்துக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. வளைவு நெளிவு இல்லாத தட்டையான தகடு, வெளியே தெரியும் போல்ட், மடக்கிப் படுக்க வைக்கும் முன்கண்ணாடி, கழற்றி எறியும் கூரை எல்லாம் அதற்காகத்தான். நம் நாட்டுக்கு இதைக் கொண்டுவந்த கம்பெனியின் பெயர் 1945-ல் தொடங்கியபோது மஹிந்திரா அண்ட் முஹம்மது. மஹிந்திரா சகோதரர்களின் கூட்டாளியாக இருந்தவர் அலிகரில் படித்த மலிக் குலாம் முஹம்மது. பிரிவினைக்குப் பின் அவர் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சர் ஆனார், பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-ல் கம்பெனியின் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று மாறியது. நம் ஊர்களில் இன்றும் ஓடும் எம்.எம். 540, மேஜர், கமாண்டர் முதல் 2010-ல் வந்த தார் வரை அந்தப் பரம்பரைதான். புதிய தாரில் எலெக்ட்ரானிக்ஸ் அதிகம், அதில் கை வைக்கக் கூடாத இடங்களும் அதிகம். கீழே சொல்பவை பெரும்பாலும் பழைய ஓபன் ஜீப்புகளுக்கானவை.

நம் ஊரின் நிலைமையையும் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கம் பெய்யும் மழை ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெயில் அடித்துவிடும். இங்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று நாள் முழுக்கச் சாரலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நனைந்த இரும்பு காய்வதில்லை. அது ஓய்ந்ததும் ஐப்பசி, கார்த்திகை வடகிழக்கு மழை. மற்ற ஊர் ஜீப் பத்து வருஷத்தில் பிடிக்கும் துருவை நம் ஊர் ஜீப் சீக்கிரமே பிடித்துவிடும்.

துரு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் பலரும் பானட்டையும் மட்கார்டையும் காட்டுவார்கள். அது கண்ணுக்குத் தெரியும் துரு, ஆபத்தில்லை. வண்டியைத் தின்பது காலடியில் இருக்கும் துரு. பயணிகள் வழுக்காமல் இருக்கத் தேங்காய்நார் மிதியடி போடுகிறோம், அதன் கீழே ரப்பர் மேட், சிலர் அதற்கும் கீழே சாக்கு. இந்த மூன்றும் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு தகட்டோடு ஒட்டிக் கிடக்கும். மேலே கூட்டிப் பெருக்கினாலும் உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். ஆகவே முதல் வேலை: இரவு வண்டியை நிறுத்தியதும் மிதியடியைத் தூக்கிக் காற்றாடப் போடுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் நாம் பார்த்தவரை செய்பவர்கள் மிகச் சிலர்.

இரண்டாவது, ஓபன் ஜீப்பின் தரையில் தண்ணீர் வடிவதற்கென்று துளைகள் இருக்கின்றன. ராணுவ ஜீப் காலத்திலிருந்தே உள்ள ஏற்பாடு அது. மண், இலை, பொரி, வேர்க்கடலைத் தோல் எல்லாம் சேர்ந்து அவை அடைத்துக்கொள்ளும். சிலர் கீழிருந்து புழுதி வருகிறது என்று எம்சீல் வைத்தே அடைத்திருக்கிறார்கள்! பழைய சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தித் திறந்து, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறதோ அங்கேதான் அடுத்த வருஷம் ஓட்டை விழும். புழுதி வரக் கூடாது என்றால் ஒரு ரப்பர் அடைப்பான் போட்டுக்கொண்டு, மழைக்காலத்தில் அதைக் கழற்றி வைக்கலாம்.

துரு ஏற்கெனவே பிடித்திருந்தால் சுத்தியல் பின்பக்கத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் தகடு இன்னும் இருக்கிறது. பொத்தென்று கேட்டு உதிர்ந்தால் அது டிங்கர் வேலை. உறுதியான தகடாக இருந்தால் கம்பி பிரஷ், பிறகு எமரி தாள் கொண்டு வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்க்க வேண்டும். இங்கே அவசரப்பட்டுத் துருவின் மேலேயே பெயின்ட் அடிப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. அடிக்கும் பெயின்ட் துருவுக்குப் போர்வை போர்த்தியதுபோல் ஆகும், உள்ளே அது பாட்டுக்குத் தின்னும். தேய்த்து, துடைத்து, நல்ல வெயிலில் காயவிட்டு, அதே நாளில் ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை, காய்ந்தபின் இன்னொரு கை, அதன்மேல் இனாமல் பெயின்ட். சாரல் பிடித்த பிறகு இதைச் செய்ய முடியாது, சித்திரையிலேயே முடிக்க வேண்டும். ஒரு சிறிய டின் பிரைமர், பிரஷ், இரண்டு மூன்று எமரி தாள் என்று கணக்குப் போட்டால், பிரானூர் பார்டரில் ஒரு குடும்பம் பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டு எழும் செலவு கூட வராது.

சேஸுக்கு அடியில் பழைய எஞ்சின் ஆயிலைப் பூசும் வழக்கம் நம்மிடம் உண்டு. துரு பிடிக்காதுதான். ஆனால் அந்த எண்ணெய் ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கும், வழிந்து பிரேக் ஷூவில் பட்டால் பிரேக் பிடிக்காது. மழையில் கழுவிக்கொண்டு சிற்றாற்றுக்குத்தான் போகும். அந்த ஆறு போய்ச் சேருவது தாமிரபரணியில், அதைக் குடிப்பவர்கள் எத்தனை ஊர்க்காரர்கள்! வண்டியை ஆற்றில் இறக்கிக் கழுவுவதும் இதே கணக்கில்தான் சேரும். வீட்டு வாளியில் கழுவுங்கள். கழிவு ஆயிலை கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஹூட். முதலில் உங்கள் ஹூட் கான்வாஸா, ரெக்ஸினா என்று பாருங்கள், ஏனென்றால் மருத்துவம் வேறு வேறு. கான்வாஸில் ஒழுக்கு பெரும்பாலும் துணியில் இல்லை, தையலில்தான். ஊசி போன துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். வெயிலில் துணி நன்றாகச் சூடேறியிருக்கும்போது வெள்ளை மெழுகுவர்த்தியைத் தையல் மேல் அழுத்தித் தேய்த்தால் மெழுகு துளைகளில் பிடித்துக்கொள்ளும். சீசனுக்கு முன் ஒரு முறை, நடுவில் ஒரு முறை போதும். கான்வாஸைத் துணி சோப்புத்தூள் போட்டுத் துவைக்கக் கூடாது. தண்ணீர் ஒட்டாமல் இருக்கக் கம்பெனியில் ஏற்றிய மெழுகுப் பக்குவம் அதோடு போய்விடும். தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும்.

தையல் விட்டிருந்தால் வீட்டுத் தையல் மெஷினில் வைக்காதீர்கள், ஊசி முறியும். கோணி ஊசியும் நைலான் அல்லது பாலியெஸ்டர் நூலும் வாங்கிக் கையால் தைக்கலாம். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும். பழைய துளைகளிலேயே ஊசியை விட்டு, போன வழியே திரும்பி வரும்படி இரட்டைத் தையல் போட வேண்டும். நமது தையல் வகுப்பில் படித்த சகோதரிகள் பலருக்கு இது அரை மணி நேர வேலை. கையில் தடித்த விரலுறை மட்டும் மறக்க வேண்டாம்.

ரெக்ஸினுக்கு மெழுகு நிற்காது. கிழிசலுக்குப் பலரும் பஞ்சர் சொல்யூஷனைப் பூசி சைக்கிள் டியூப் துண்டை ஒட்டுகிறார்கள். அந்தப் பசை ரப்பருக்கு ரப்பர் ஒட்டுவதற்கானது, ரெக்ஸினில் நான்கு நாளில் உரிந்து வரும். ரெக்ஸின், வினைலுக்கென்று விற்கும் பசையைக் கேட்டு வாங்கி, அதே ரெக்ஸின் துண்டை உள்ளும் புறமும் வைத்து ஒட்டுங்கள். துண்டின் மூலைகளைச் சதுரமாக விடாமல் வட்டமாக வெட்டினால் காற்றில் உரியாது.

ஹூட் கிழிவதற்குக் காரணமே பல நேரம் உள்ளே இருக்கும் கம்பிதான். துருப்பிடித்த கம்பி அரத்தைப்போல் துணியை ஒரே இடத்தில் அராவிக்கொண்டிருக்கும். அங்கேதான் சைக்கிள் டியூபுக்கு வேலை. பஞ்சர் கடையில் தூக்கிப் போடும் டியூபை நீளவாக்கில் நாடாவாக வெட்டி, கம்பியில் இழுத்துச் சுற்றிவிடுங்கள். அராவலும் நிற்கும், கடகட சத்தமும் நிற்கும். அதே டியூப் நாடாவை முன்கண்ணாடிச் சட்டம் உடலோடு சேரும் அடிப்பக்கத்தில் திணித்தால் டிரைவர் காலில் சொட்டும் தண்ணீர் நிற்கும். அந்தச் சொட்டைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஒயரும் ஃபியூஸும் நாசமாவது அந்தத் தண்ணீரால்தான். கம்பிகளுக்கு நடுவே ஹூட் தொய்ந்து தண்ணீர் தேங்கினால், பழைய சீட் பெல்ட் நாடா ஒன்றைக் குறுக்கே இழுத்துக் கட்டித் தூக்கிவிடலாம். ஈர ஹூட்டை மடித்து வைத்தால் இரண்டே நாளில் பூசணம். இரவில் மடிக்க வேண்டியிருந்தால் மறுநாள் முதல் வேலையாக விரித்துப் போடுங்கள்.

பேட்டரிக்கு வருவோம். காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் புது பேட்டரிக்கு மனு எழுதிவிடுகிறார்கள். அதற்கு முன் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் எஞ்சினை நிறுத்தி, பீடி சிகரெட் பக்கத்தில் இல்லாமல், முதலில் மைனஸ் ஒயரையும் பிறகு பிளஸ் ஒயரையும் கழற்றுங்கள். வீட்டு ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். கரைசல் பேட்டரிக்குள் இறங்கக் கூடாது, மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். துடைத்துக் காயவைத்து, மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். மேலே வாசலின் பூசுங்கள். பிறகு பேட்டரியிலிருந்து சேஸுக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் ஒயர் போல்ட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் இரும்பு பளிச்சிடும் வரை தேய்த்து இறுக்குங்கள். ஹெட்லைட் மங்கலாக எரிவதும் பல வண்டிகளில் மட்கார்டில் உள்ள எர்த் துருவால்தான். இவ்வளவும் செய்த பின்பு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜில் இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட் வரவில்லை என்றால் குறை டைனமோ பக்கம், புது பேட்டரி வாங்கினாலும் அதுவும் படுத்துவிடும். ஃபியூஸ் போனால் ஃபியூஸ்தான் போட வேண்டும். செம்புக் கம்பியோ சிகரெட் தாளோ சுற்றுவது ஹூட்டுக்கும் டீசலுக்கும் நடுவில் தீக்குச்சி வைப்பதற்குச் சமம்.

கிரீஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லீஃப் ஸ்பிரிங் ஷேக்கிள், டை ராட் எண்ட், புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் ஆகியவற்றில் கிரீஸ் நிப்பிள் இருக்கும். நிப்பிளைத் துடைத்துவிட்டு, அழுக்குக் கிரீஸ் வெளியே தள்ளி நல்லது தெரியும் வரை கன்னால் அடிக்க வேண்டும். சீசனில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள், ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கினால் சரி.

ஓடையில் இறங்கி ஏறும் வண்டிகளுக்கு இரண்டு விஷயம். நனைந்த டிரம் பிரேக் பிடிக்காது. ஏறியதும் மெதுவாக ஓட்டியபடியே பிரேக் பெடலை லேசாக அழுத்திச் சூடேற்றிக் காயவைத்த பிறகுதான் இறக்கத்தில் விட வேண்டும். கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, அன்றே மாற்ற வேண்டும். ஓடையில் தண்ணீர் நிறம் மாறினால் இறங்கவே கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனதை நாம் எல்லோரும் அறிவோம். மேலே மலையில் பெய்வது கீழே நிற்பவருக்குத் தெரியாது.

சரிவில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். பிரானூர் மரக்கடைகளில் கழித்துப் போடும் கட்டையை ஆப்பு வடிவில் அறுத்து, கயிறு கட்டி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்பதை மதரஸாப் பிள்ளைகள் கூடச் சொல்வார்கள். ஜீப்புக்கு அந்தக் கயிறு இந்த ஆப்புதான்.

இனி, வீட்டில் தொடக் கூடாதவை. சிக்கனம் என்ற பேரில் இவற்றில் கை வைப்பதை நாம் ஒருபோதும் ஆதரிக்க மாட்டோம். பிரேக் சிலிண்டர், பிரேக் பைப், ஸ்டீயரிங் பாக்ஸ், கிங் பின், வீல் பேரிங், சேஸில் வெல்டிங் ஆகிய எல்லாம் தெரிந்த மெக்கானிக்கின் வேலை. பிரேக் ஆயில் குறைந்தால் எஞ்சின் ஆயிலை ஊற்றிச் சமாளித்த வண்டிகளைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிப்போய்ப் பிரேக் மொத்தமாகப் போய்விடும். மூடியில் டாட் 3 என்று எழுதியிருந்தால் அதுவேதான் ஊற்ற வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உடையது. திறந்து வைத்த பழைய டப்பாவை நம் ஊர்ச் சாரல் காலத்தில் பயன்படுத்தவே கூடாது. புளியரை எஸ் வளைவில் பிரேக் போனால் அதற்குப் பிறகு மனு எழுத ஆள் இருக்க மாட்டார்.

பின்னால் இரும்பு சீட் கூடுதலாக வைத்து வெல்டிங் செய்வது, முன்னால் பெரிய இரும்புப் பம்பர் மாட்டுவது ஆகியவற்றை இளைஞர்கள் அழகு என்று நினைக்கிறார்கள். முன்பக்க இரும்புத் தடுப்புகள் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கு விரோதம் என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க வழியுண்டு. அதைவிடப் பெரிய விஷயம் வெள்ளை போர்டு. சொந்த உபயோகத்துக்கென்று பதிவான ஜீப்பில் வாடகைக்கு ஆள் ஏற்றி விபத்தானால், ஏறியவரின் குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடைப்பது பெரும் சிக்கலாகும், ஓட்டியவர் வீடு வாசலை விற்க வேண்டிவரும். ஏறி உட்காருபவரின் உயிர் நம் கையில் அமானத். மஞ்சள் போர்டுக்கு மாற்றும் செலவுக்காக மனுச் செய்பவர்களுக்கு நமது நிர்வாகக் குழு முன்னுரிமை கொடுத்து வருகிறது என்பதையும் இங்கே தெரிவித்துக்கொள்கிறோம். எட்டு வருஷம் தாண்டிய வாடகை வண்டிகளுக்கு ஒவ்வொரு வருஷமும் எஃப்.சி. எடுக்க வேண்டும், கடைசி வாரத்தில் ஓடி வர வேண்டாம்.

இந்த சீசன் முதல் ஜீப் வேலைக்கு மனுச் செய்யும் சகோதரர்கள் ஒர்க்‌ஷாப் சீட்டோடு இரண்டு புகைப்படங்களையும் இணைக்க வேண்டும். ஒன்று மிதியடியைத் தூக்கிய பிளாட்ஃபார்ம், மற்றது பேட்டரி டெர்மினல். பிரேக், ஸ்டீயரிங் மனுக்களுக்கு இது தேவையில்லை, அவை வந்த அன்றே பரிசீலிக்கப்படும்.

அலுவலகத்தில் ஒரு கிரீஸ் கன், ஒரு மல்டிமீட்டர், கம்பி பிரஷ் இரண்டு, கோணி ஊசிகள் ஆகியவற்றை வாங்கி வைத்திருக்கிறோம். அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து நோட்டில் பெயர் எழுதி எடுத்துப் போகலாம், கட்டணம் இல்லை. மூன்று நாளில் துடைத்துத் திருப்பித் தர வேண்டும். கிரீஸ் மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.